பதினேழாம் நம்பர் பூட்டு

அட்டைப்பெட்டி ஆலையில் அவனுக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவனே ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புவான்.

அந்த ஆலையின் பெரிய மெஷின் ஒரு தெரு நீளம் இருக்கும். காகிதம் ஒரு முனையில் போய், உருளைகளுக்கு நடுவே நெளிந்து, பசை வாங்கி, மறுமுனையில் அட்டையாக வரும். ஷிப்ட் முடிகிறபோது உருளைகளில் காய்ந்த பசையைச் சுரண்ட நாலு பேர் உள்ளே போக வேண்டும். போகுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளே போகிற ஒவ்வொருவனும் அதில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். நாலு பேர் போனால் நாலு பூட்டு. கடைசிப் பூட்டு கழலும் வரை எவனாலும் மெஷினை ஓட்ட முடியாது. சாவி அவரவர் கழுத்தில். ஒருவன் பூட்டை இன்னொருவன் தொடக்கூடாது. மேனேஜரே வந்து சொன்னாலும் தொடக்கூடாது.

அவன் பூட்டின் நம்பர் பதினேழு. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் அவன் பூட்டை மாட்ட மறந்ததில்லை. கழற்றத்தான் மறப்பான். வெளியே வந்து, கைகழுவி, சட்டை மாற்றி, கழுத்தில் சாவியோடு பஸ் ஏறிப் போய்விடுவான். அடுத்த ஷிப்ட் ஆட்கள் வந்து பார்த்தால் அணைத்த சுவிட்சில் பதினேழு தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். போன் அடிப்பார்கள். போன் அவன் பையில் சத்தமில்லாமல் கிடக்கும். கடைசியில் மேனேஜர் கையெழுத்துப் போட்டு, நீளப்பிடி கட்டர் கொண்டுவந்து பூட்டை வெட்டுவார்கள்.

அந்த வியாழக்கிழமை வெட்டியது இந்த வருஷத்தில் மூன்றாவது.

வெள்ளிக்கிழமை காலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் வெட்டுப்பட்ட பூட்டை வைத்திருந்தார்.

"வாப்பா. பொணத்த அடையாளம் காட்டு."

"என்னுதுதான் சார்."

"ஒண்ணேகால் மணி நேரம். பதினெட்டு பேரு கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க. ஃபோர்க்லிஃப்ட்காரன் சீட்லயே தூங்கிட்டான், அவனுக்கு மட்டும் உன்மேல பிரியம்." ஒரு தாளை நகர்த்தினார். "காரணம்னு போட்டிருக்குல்ல, அங்க எழுது."

அவன் 'மறதி' என்று எழுதினான்.

"போன தடவையும் இதான். அதுக்கு முந்தியும் இதான். ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வெச்சுக்கலாம்." அவர் குரலில் கோபமில்லை. "இன்னொண்ணு நடந்தா மெஷின்லேருந்து இறக்கிடுவாங்க. பின்னால கொட்டகைல போய் கழிவு அட்டையக் கட்டிக்கிட்டிருப்ப. ஞாபகம் வெச்சுக்க. அதையாவது."

ஸ்டோரில் புதுப் பூட்டு கொடுத்தார்கள். வெள்ளைப் பெயிண்டில் அதே பதினேழு, இன்னும் ஈரமாக. புதுச் சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டான். பெயிண்ட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூட்டை ஒரு துணியில் சுற்றி பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

அவன் அலமாரியில், பூட்ஸுக்குப் பின்னால், நாலாக மடித்த ஒரு காகிதம் திங்கட்கிழமையிலிருந்து கிடந்தது. மறந்துபோய் அங்கே விட்டானா, ஒளித்து வைத்தானா என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது.

*

காகிதம் டாக்டர் கொடுத்தது. மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வருஷமாகக் கடிதம் வந்தபடி இருந்தது. உட்கார மாட்டேனென்கிறாள், கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறாள், பென்சில் பெட்டியை வாரம் ஒன்று தொலைக்கிறாள். கடைசிக் கடிதம் சுருக்கமாக இருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் டாக்டர் சான்றிதழ் வந்தால் இதே வகுப்பில் முன்வரிசை இடமும், பரீட்சையில் கூடுதல் நேரமும் தருவார்கள். வராவிட்டால் பின்கட்டு வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். பின்கட்டில் பாடம் கிடையாது. காலையிலிருந்து மாலைவரை மணி கோப்பார்கள். போனவர்கள் யாரும் முன்கட்டுக்குத் திரும்பி வந்ததில்லை.

டாக்டர் அறையில் மகள் சுழல் நாற்காலியில் ஏறிச் சுற்றிக்கொண்டே, "உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றாள். டாக்டரம்மா தன் போனை எடுத்துப் பார்த்தார். லேட்டுதான்.

"கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு. ரெண்டும் இருக்கு" என்றார். "ஏ.டி.எச்.டின்னு சொல்லுவாங்க."

மனைவி இதற்காகவே இரண்டு வருஷம் காத்திருந்தவள்போல உடனே கேட்டாள். "நான் வளர்த்ததுல தப்புங்களா?"

"இல்லம்மா. வளர்ப்புல வர்றது இல்ல. பெரும்பாலும் பரம்பரை. உயரம் எப்படிக் குடும்பத்துல வருதோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இதுவும் வரும். இந்த ஒரு மரபணுதான்னு கையக் காட்ட முடியாது. சின்னச் சின்னதா நிறைய சேர்ந்து வரும். அம்மாகிட்டேருந்து கொஞ்சம், அப்பாகிட்டேருந்து கொஞ்சம். சில வீட்ல ஒரு பக்கமே தூக்கலா இருக்கும்."

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடாதுங்களா?" என்று அவன் கேட்டான். ரத்தத்தில் தெரிந்துவிட்டால் தான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாதுங்க. அதனாலதான் இந்தக் காகிதம்."

தாய் வழிக்கு ஒரு காகிதம், தந்தை வழிக்கு ஒன்று. இரண்டும் வந்தால்தான் சான்றிதழ் எழுத முடியும் என்றார். மனைவி அங்கேயே உட்கார்ந்து தன்னுடையதை நிரப்பினாள். தன் அப்பா, அம்மா, மூன்று அண்ணன்கள், எல்லாருக்கும் 'இல்லை'. சீட் உறை தைக்கிற கம்பெனியில் தையல்காரி அவள். பேனாவும் ஊசிபோல நேராகத்தான் ஓடியது.

"நான் அக்காவைக் கேட்டு எழுதிக் கொண்டாறேன்" என்று அவன் காகிதத்தை மடித்துக்கொண்டான்.

அங்கிருந்து தனியாக ஆலைக்குப் போகிற பஸ்ஸில் பிரித்துப் படித்தான். தொடங்கிய வேலையைப் பாதியில் விடுவதுண்டா. சாவி, பை போன்றவற்றை அடிக்கடி தொலைப்பதுண்டா. நேரில் பேசும்போதே கவனம் வேறெங்காவது போவதுண்டா. மொத்தம் பதினெட்டு கேள்வி. எவனோ நாற்பது வருஷம் பின்னாலேயே நடந்து வந்து எழுதியது போலிருந்தது. முதலில் அவனுக்கு, பிறகு அதே பதினெட்டும் அவன் அப்பாவுக்கு. எட்டாவது கேள்வியில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.

*

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிவில் அவனும் மற்ற மூன்று பேரும் பசை சுரண்ட உள்ளே போனார்கள். உருளைகளின் சூடு இன்னும் ஆறவில்லை. மல்லாந்து படுத்து, மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இரும்பைப் பார்த்தபடி சுரண்ட வேண்டும். 'ஆம்' என்று எழுதினால் அது ஆலைக்குத் தெரியவருமா என்று யோசித்தான். எழுதாவிட்டால் திங்கட்கிழமை என்ன ஆகும் என்று யோசித்தான். நடுவில் ஒருமுறை நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. சாவி இருந்தால் பூட்டும் இருக்கும்.

"நாங்க முடிச்சிட்டோம் பூட்டு, நீ கோபுரம் கட்டி முடிச்சிட்டு வா" என்று மற்றவர்கள் வெளியேறினார்கள். அவன் இன்னும் ஒரு மூலையைச் சுரண்டிவிட்டு வெளியே தவழ்ந்து வந்தான்.

சுவிட்சில் ஒரு பூட்டும் இல்லை. மூன்று பேரும் தங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த ஷிப்ட் ஆப்பரேட்டர் சுவிட்ச் பக்கத்தில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சுல்ல?" என்றார். வெறும் சுவிட்சைப் பார்த்துக் கேட்டாரே தவிர, இவன் எங்கிருந்து வந்தான் என்று பார்க்கவில்லை.

"வந்தாச்சு."

அவர் சுவிட்சைப் போட்டார். உருளைகள் ஓடின. அவன் பேன்ட் பாக்கெட்டில் கையை விட்டான். துணிக்குள் பூட்டு கனமாக இருந்தது. பெயிண்ட் காய்ந்திருந்தது.

பயம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வரவில்லை. கைகழுவிவிட்டு பஸ் ஏறினான்.

*

மறுநாள் காலை, சூப்பர்வைசர் டீ குடிக்குமுன்பே, அவன் அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், என்னை மெஷின்லேருந்து இறக்கிடுங்க."

"நேத்து ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னேன்யா. அதுக்குள்ள ரோஷமா?"

"நேத்து பூட்டு மாட்டாம உள்ள போயிட்டேன்."

டீக் கிளாஸ் பாதி வழியில் நின்றது. "மத்தவன் பூட்டெல்லாம்?"

"கழட்டிட்டுப் போயிட்டாங்க. நான்தான் கடைசி."

"யாராவது பாத்தானா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன எழவுக்குய்யா எங்கிட்ட வந்து சொல்ற?"

"நான் பாத்தேன்ல சார்."

சூப்பர்வைசர் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு கையை நீட்டினார். அவன் பூட்டையும் சாவியையும் கொடுத்தான். கயிறு பதினோரு வருஷமாகக் கிடந்த இடத்தில் கழுத்தைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று இருந்தது. அன்று மதியம்வரை பின்கொட்டகையில் கழிவு அட்டையை அமுக்கிக் கட்டினான். அங்கே தூசி அதிகம். வேறு வித்தியாசமில்லை. ஃபோர்க்லிஃப்ட்காரன் கட்டுகளை எடுக்க வந்தவன், "பூட்டு போச்சு. இனி உன்னை என்னன்னு கூப்பிடறது, கயிறா?" என்றான். அவன் சிரித்து வைத்தான். வீட்டுக்குக் கிளம்புகையில் பூட்ஸுக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டான்.

தன் பங்கை நிரப்பக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. பதினெட்டில் பதினாலு 'ஆம்'. மனைவி சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து வந்து, கைப்பையை இறக்காமலேயே நின்றபடி படித்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"திங்கக்கிழமை. பஸ்ல."

"அதுக்கு முன்னால?"

அவன் யோசித்தான். "தெரியாம இல்ல."

"ரெண்டு வருஷம். ஞாயித்துக்கிழமை தவறாம உங்க அக்கா வந்து, நான் போனைக் குடுத்துக் கெடுத்தேன், செல்லம் குடுத்துக் கெடுத்தேன், வேலைக்குப் போய்க் கெடுத்தேன்னு சொல்லுவாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருப்பீங்க."

"ஆமா."

"ஆமாவா?"

"ஆமா."

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தான். அழவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இவளை மணி கோக்க விட மாட்டேன். உங்க அப்பாவுக்கான பக்கம் காலியா இருக்கு."

"அவர் போறப்ப எனக்கு ஏழு வயசு. எனக்கு என்ன தெரியும்? அக்காதான் சொல்லணும்."

"கேளுங்க. நான் எதிர்ல இருக்கும்போதே கேளுங்க."

*

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். படியேறும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். வீட்டுக்குள் வருவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். அவனுக்கு எட்டு வயது மூத்தவள். சின்ன வயதில் அவனைத் தூக்கி வளர்த்தவள். வந்ததும் அடுப்பில் பாலை வைத்தாள். சர்க்கரை தேடி இரண்டு அலமாரியைத் திறந்தாள், இரண்டையும் மூடவில்லை. நாற்காலியில் கிடந்த துணிகளைப் பார்த்து மடிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது துணியில் மகள் கண்ணில் பட்டாள்.

"என்னடி வாலு, டாக்டரம்மா என்ன சொன்னா? ஏம்மா, போனைப் பிடுங்கச் சொன்னாளா இல்லியா? நான் சொன்னா அண்ணிக்கு வாய் நீளம்பே..."

"அக்கா" என்றான் அவன். "அது என்கிட்டேருந்து வந்தது."

"எது?"

"இவளுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கு. வளர்ப்புல வரல, வழிவழியா வருது. நம்ம பக்கம்."

அக்கா மடித்த துணியைக் கீழே போட்டாள். "நம்ம பக்கமா? நம்ம பக்கத்துல எவன்டா பைத்தியம்?"

"பைத்தியம்னு யாரும் சொல்லல. அப்பாவைப் பத்திக் கேட்டிருக்காங்க. பதினெட்டு கேள்வி. நீதான் சொல்லணும். நாளைக்குக் குடுக்கலேன்னா இவளைப் பின்கட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அப்பாவைப் பத்தி ஒரு தடவை எழுதினாங்களே, அது பத்தாதா?"

அது என்ன எழுத்து என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும், மகளைத் தவிர. மரக்கிடங்கில் ரிவர்ஸில் வந்த லாரி அப்பா மேல் ஏறியது. விசாரணைக் காகிதத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்' என்று ஒற்றை வரி. அக்கா அந்த வரியை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. டிரைவர் குடித்திருந்தான் என்பாள். அப்பாவைப் போல நிதானமான மனுஷன் கிடையாது என்பாள்.

"முப்பத்திரண்டு வருஷமா நான் ஒருத்தி அவருக்காகப் பேசிக்கிட்டிருக்கேன். இப்ப அந்தப் பொய்யை நீயே எழுதிக் கையெழுத்துப் போடப் போறியா? உன் பொண்டாட்டி சொல்லிக் குடுத்தாளா?"

"நான்தான் கேக்கச் சொன்னேன் அண்ணி" என்றாள் மனைவி. "ரெண்டு வருஷம் நான் பேச்சு வாங்கினதுக்கு, மாமா எப்படி இருந்தாருன்னாவது தெரிஞ்சுக்கறேன்."

"அத்தை, பால்!" என்றாள் மகள்.

பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. அக்கா தன் பையைப் பிடுங்கிக்கொண்டு விடுவிடுவென்று இறங்கிப் போனாள். குடை கதவோரம் நின்றது.

"அத்தைகிட்ட குடுத்துட்டு ஓடி வா" என்று மனைவி மகளை அனுப்பினாள். மகள் தடதடவென்று ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"அம்மா, கீழ் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கு! அஞ்சு! ஒண்ணுக்கு மட்டும் ஒரு காது வெள்ளை!"

"குடையைக் குடுத்தியா?"

"எந்தக் குடை?"

குடை அவள் கையிலேயே இருந்தது. மனைவி திட்டுவதற்கு வாயெடுத்து, அவனைப் பார்த்து, மூடிக்கொண்டாள். குடையை வாங்கி அவனிடம் நீட்டினாள். மேஜையிலிருந்த காகிதத்தையும் பேனாவையும் அவன் சட்டைப் பையில் சொருகினாள்.

அக்கா பஸ் நிறுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பஸ் அவளைத் தாண்டிப் போயிருக்க வேண்டும்.

"குடை" என்றான்.

அவள் வாங்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேளு" என்றாள். "வேகமா கேளு."

அவன் ஒவ்வொன்றாகப் படித்தான். அக்கா தெருவைப் பார்த்தபடி பதில் சொன்னாள். ஆமா. ஆமா. பதினொரு வேலை மாத்தினாரு, கால்ல சக்கரம் கட்டினாப்பல. ஆமா. ஒரு இடத்துல உக்கார மாட்டாரு, சாப்பிடும்போதுகூட நின்னுக்கிட்டுத்தான். நாம பேசறப்ப வேற எங்கயோ பாப்பாரு, ஆனா அவரை மாதிரி நம்மள யாரும் சிரிக்க வெச்சதில்ல. அதுக்கு கேள்வி இருக்கா? இல்ல. சரி, அடுத்தது.

"பொருள்களை அடிக்கடி மறந்து விட்டுவிட்டு வருவதுண்டா."

எதிரே ஒரு கடைக்காரர் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

"சாப்பாட்டு டப்பா" என்றாள். "வேலை செய்யற இடத்துலயே வெச்சிட்டு வந்துடுவாரு. வாரத்துல மூணு நாள். அம்மா சுகமில்லாம படுத்திருந்தா, நான்தான் கட்டிக் குடுப்பேன். அன்னைக்குக் காலைல நான் சொன்னேன்டா. இன்னைக்கும் டப்பாவ மறந்துட்டு வந்தீங்க, நாளையிலேருந்து கட்டித் தர மாட்டேன்னு. பதினஞ்சு வயசு எனக்கு. கத்திச் சொன்னேன்."

அவன் பேனாவைப் பிடித்தபடி இருந்தான்.

"கேட் வரைக்கும் வந்துட்டாராம். அப்புறம் நெனப்பு வந்து திரும்பி ஓடியிருக்காரு. லாரி ரிவர்ஸ்ல வருது. இவரு ஓடறாரு. டப்பாவ எடுக்க." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "டிரைவர் ஒண்ணும் குடிக்கல. அவன் பாவம், நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்து அழுதான். டப்பாவ அவன்தான் கொண்டாந்து குடுத்தான்."

அவன் அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினான். இன்னும் நாலு கேள்வி பாக்கி இருந்தது. அவற்றையும் படித்தான். அவள் சொன்னாள். எழுதினான்.

"நான் சொன்னதையும் அதுல எழுதணுமா?" என்று கேட்டாள்.

அவன் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லக்கா."

பஸ் வந்தது. அவள் எழுந்து, இரண்டு அடி போய், திரும்பி வந்து, குடையை எடுத்துக்கொண்டாள். ஏறுமுன், "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிடு" என்றாள். எதைச் சொல்வது என்று அவன் கேட்பதற்குள் கதவு மூடியது.

அவன் கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போனது. சாவி இல்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு பையின் மேலேயே கையை அழுத்தி வைத்துக்கொண்டு, வீடு வரைக்கும் எடுக்காமல் நடந்தான்.